கோட்டை மதிலான புல்

தைவான் தீவின் வடமேற்கில் சின்ச்சூ என்றொரு நகரம் உள்ளது. கணிப்பொறிக்கும் கைப்பேசிக்கும் வேண்டிய நுண்சில்லுகளைப் பிறருக்காகச் செய்து கொடுக்கும் உலகின் மிகப் பெரிய நிறுவனத்தின் தலைமையகம் அங்குதான் இருக்கிறது. ‘சின்ச்சூ’ என்ற சீனச் சொல்லுக்குப் ‘புது மூங்கில்’ என்று பொருள். அதற்கு முன் அவ்வூரின் பெயர் சூச்சியன். தீவின் பழங்குடியினர் தங்கள் மொழியில் வழங்கிய பெயர் அது. அதைச் சீனர் தம் எழுத்தில் எழுதியபோது ‘மூங்கில் அரண்’ என்று பொருள்படும் எழுத்துகளைத் தேர்ந்துகொண்டனர். பெயருக்கேற்ப, 1733-ஆம் ஆண்டில் அவ்வூரைச் சுற்றி ஒரு மதிலும் எழுந்தது. கல்லால் அன்று, செங்கல்லால் அன்று, முள் மூங்கிலால்!

ஒரு நகரின் பாதுகாப்பை ஒரு புல்லிடம் ஒப்படைக்க முடியுமா? முடியும் என்று ஒரு பேரரசே ஆணையிட்டது. அந்த ஆணைக்குப் பின்னால் இருந்த கணக்கு வியப்பானது. அதைவிட வியப்பானது, அதே மூங்கில் இனத்தின் வேறொரு கிளை இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு வழக்கை மூட்டிவிட்ட கதை. இரண்டுக்கும் காரணம் ஒன்றே. அது கண்ணுக்குத் தெரியாமல் மண்ணுக்குள் இருக்கிறது.

அறுகும் வெட்டிவேரும்

மூங்கில் மரமன்று, புல். நெல், கரும்பு, சோளம் ஆகியவற்றின் உறவு. நம்மவர்க்கு இது புதிய செய்தியும் அன்று. தொல்காப்பிய மரபியல், வெளிப்புறத்தில் வன்மையுடையனவற்றைப் புல் என்றும், உள்ளே வன்மையுடையனவற்றை மரம் என்றும் பிரிக்கிறது. அந்த அளவுகோலால் மூங்கில் புல்லாகிவிடுகிறது. தென்னையும் பனையும் அவ்வாறே. இன்றைய தாவரவியல் தென்னையைப் புல் குடும்பத்தில் சேர்ப்பதில்லை என்றாலும், இவை யாவும் ஒருவித்திலைத் தாவரங்கள் என்ற அளவில் அந்தப் பழைய பார்வை வெகுதூரம் விலகிவிடவில்லை.

புற்கள் பரவும் விதம் இருவகை. தோட்டத்தில் அறுகம்புல்லைப் பிடுங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஒன்றைப் பிடித்து இழுத்தால் அது பத்தடி தள்ளியுள்ள இன்னொன்றோடு வரும். வெட்டிவேர் அப்படியன்று. எங்கே நட்டோமோ அங்கேயே தூர் கட்டிப் பருத்துக்கொண்டே போகும். மூங்கில்களிலும் இந்த இரு குணங்கள் உண்டு.

மூங்கிலின் தரைக்கு மேலுள்ள கழிகள் அனைத்தும் தரைக்குள் கிடக்கும் மட்ட நிலத்தண்டிலிருந்து முளைப்பவை. வெப்ப நாட்டு மூங்கில்களில் இந்த நிலத்தண்டு குட்டையானது, பருமனானது. சிறிது தூரம் சென்றதும் அதன் நுனியே மேல்நோக்கி வளைந்து ஒரு கழியாகிவிடும். அடுத்த நிலத்தண்டு அதன் பக்கத்திலுள்ள மொட்டிலிருந்து புறப்பட்டு, அதுவும் சிறிது தூரம் சென்று மேலே எழும். ஆகவே ஒவ்வொரு தலைமுறையும் முந்தியதன் காலடியிலேயே நிற்கிறது. இதைத் தூர் மூங்கில் எனலாம். நம் முள் மூங்கிலும் கல் மூங்கிலும் இவ்வகையே. சீனாவின் நடுப்பகுதி, ஜப்பான் போன்ற குளிர்ந்த பகுதிகளின் மூங்கில்கள் பல வேறுவிதம். அவற்றின் நிலத்தண்டு மெலிந்தது, நீண்டது. அதன் நுனி மேலே எழுவதே அரிது. அது மண்ணுக்குள் கிடைமட்டமாக ஓடிக்கொண்டே இருக்க, வழியிலுள்ள கணுக்களிலிருந்து கழிகள் கிளம்பும். ஒரே ஆண்டில் சில மீட்டர் தூரம் ஓடிவிடும். இதைப் படர் மூங்கில் எனலாம்.

மூங்கில் ஆய்வில் வாழ்நாளைச் செலவிட்ட அமெரிக்கத் தாவரவியலறிஞர் ஃபிளாய்ட் மெக்ளூர் (1897–1970) இவ்விரண்டு நிலத்தண்டுகளுக்கும் தனித்தனிக் கலைச்சொற்களைத் தந்தார். அவருக்கு முன்பே, 1870-களின் இறுதியில், அல்ஜீரியாவில் மூங்கில் வளர்த்த பிரெஞ்சுக்காரர்களான ரிவியேர் தந்தையும் மகனும் இன்னொரு வேறுபாட்டைக் கவனித்து எழுதியிருந்தனர்: தூர் கட்டுபவை கோடைக்குப் பிந்திய பருவத்தில் முளைவிடுகின்றன, படர்பவை வசந்தத்தில் முளைவிடுகின்றன. விதிவிலக்குகள் உண்டு. மிசோரம் மலைகளில் அடர்ந்துள்ள மூங்கில் ஒன்று தூர் வகையைச் சேர்ந்ததாயினும் அதன் நிலத்தண்டின் கழுத்துப் பகுதி மிக நீளமானது. எனவே அதன் கழிகள் காட்டில் தள்ளித் தள்ளியே நிற்கும். பொதுவாக, மூங்கில் வேலியின் வரலாற்றைப் புரிந்துகொள்ள இந்த இரு பிரிவுகள் போதும்.

மதில் வேண்டாம் என்ற பேரரசு

1683-இல் தைவான் சீனாவின் மஞ்சு அரச மரபின் கைக்கு வந்தது. சீன மரபில் நகரம் என்றாலே மதில்தான். இரண்டுக்கும் ஒரே சொல்லையே வழங்குவர். ஆயினும் தைவானில் கல் மதிலோ செங்கல் மதிலோ கட்ட மஞ்சு அரசு பல்லாண்டுகள் இசையவில்லை. செலவு ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் அச்சம். கடல் கடந்த தீவு, அடிக்கடி கிளர்ச்சி. கிளர்ச்சிக்காரர் வலுவான மதிலுள்ள ஒரு நகரைப் பிடித்து உள்ளே அமர்ந்துகொண்டால், கப்பலேறி வரும் அரசுப் படை அதை மீட்பது எப்படி? எனவே தலைமை நகரான இன்றைய தைனானுக்கு 1725-இல் கிடைத்தது வெறும் மரக்கட்டை வேலியே.

இந்த வாதத்துக்கு ஒரு சான்றும் அவர்களிடம் இருந்தது. 1721-இல் சூ யிகுயி என்ற வாத்து வளர்ப்பவர் தலைமையில் ஒரு கிளர்ச்சி வெடித்தது. சில நாள்களிலேயே தலைமை நகர் அவர்கள் வசமாயிற்று. மதில் இருந்திருந்தால் நகர் விழுந்திராது என்றனர் ஒரு சாரார். மதில் இல்லாததால்தான் அதை விரைவில் மீட்க முடிந்தது என்றனர் மறு சாரார். இரு சாராரும் காட்டியது ஒரே நிகழ்ச்சியைத்தான்!

இந்த இழுபறிக்கு மூங்கில் ஒரு முடிவு கட்டியது. 1733-இல் யோங்செங் பேரரசர், தைவான் நகரங்களைச் சுற்றி முள் மூங்கில் நடுவதற்கு ஒப்புதல் அளித்தார். அதே ஆண்டில் சூச்சியனில் நட்டனர். நான்கு வாயில்கள்; சுற்றளவு 440 சாங், அதாவது நம் அளவில் ஏறத்தாழ 1.4 கிலோமீட்டர். அடுத்த ஆண்டு சாங்குவா என்ற ஊரிலும், தெற்கே ஃபெங்சானிலும், சூலுவோவிலும் மூங்கில் எழுந்தது. சூலுவோவில் ஏற்கெனவே ஒரு மண் சுவர் இருந்தது. அதற்கு வெளியே மூங்கிலை நட்டனர்.

தேர்ந்தெடுத்த மூங்கில் எது என்பதே இங்கு முக்கியம். தென்கிழக்கு ஆசியாவெங்கும் காணப்படும் முள் மூங்கில் இனம் அது; நம் முள் மூங்கிலுக்கு மிக நெருங்கிய உறவு; தூர் கட்டும் வகை. அதன் அடிப்பகுதிக் கிளைகள் இலை விடுவதைவிட முள் விடுவதிலேயே முனைப்புக் காட்டும். கொக்கிபோல் வளைந்த முட்கள். பக்கத்துப் பக்கத்துத் தூர்களின் கிளைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும்போது, ஆள் உயரத்துக்கு மேல் வரை நாய்கூட நுழைய முடியாத வலை உருவாகிறது. அதற்கு மேலே பத்து மீட்டருக்கும் கூடுதலாகக் கழிகள். ஏற முடியாது, கடப்பாரையால் இடிக்க அங்கே சுவர் இல்லை. ஒரு கழியை வெட்டினாலும் அது கீழே விழாது. மேலே பின்னிக்கொண்டு அப்படியே தொங்கும். முள் மூங்கில் தூரில் நடுக்கழியை வெட்டி எடுக்கப் பாடுபட்ட எவரும் இதற்குச் சாட்சி சொல்வர்.

தீ வைத்தால்? பச்சை மூங்கிலில் நீர் மிகுதி, எளிதில் பற்றாது. பற்றினாலோ ஊரே விழித்துக்கொள்ளும். கணுவுக்குக் கணு அடைபட்ட காற்று சூடேறும்போது, பருமன் மாற வழியில்லாததால் அழுத்தம் உயர்கிறது. 27 செல்சியசிலிருந்து 327 செல்சியசுக்குச் சென்றால், அதாவது 300 கெல்வினிலிருந்து 600 கெல்வினுக்கு, காற்றின் அழுத்தம் மட்டுமே இரு மடங்காகும். உட்சுவரின் ஈரம் நீராவியாவதால் சேரும் அழுத்தம் தனி. கணுவிடை வெடிக்கிறது. பட்டாசைக் குறிக்கும் பழைய சீனச் சொல்லின் பொருளே ‘வெடிக்கும் மூங்கில்’ என்பதுதான். இரவில் வேலிக்குத் தீயிட வரும் பகைவன், தானே முரசறைந்து வருபவனுக்கு ஒப்பாவான்.

ஆனால் பீரங்கிக்கு இது ஈடாகாது. அதுவே அரசுக்கு வேண்டியதும். கொள்ளைக் கூட்டத்தைத் தடுக்க இந்த வேலி போதும். பீரங்கியோடு வரும் அரசுப் படையைத் தடுக்கப் போதாது. மக்களைக் காக்கும் வேலி என்று அரசு சொன்னது. மக்களிடமிருந்து அரசைக் காக்கும் வேலியாகவும் அது இருந்தது. அந்தக் காலத்து அதிகாரிகளின் கூர்மதியைப் பாராட்டலாம். உள்ளே குடியிருந்தவர்கள் அதைப் பாராட்டியிருப்பார்கள் என்று சொல்ல முடியாது.

1786-இல் லின் சுவாங்வென் தலைமையில் எழுந்த பெருங்கிளர்ச்சி இந்தக் கொள்கையைச் சோதித்தது. சாங்குவா, சூச்சியன், சூலுவோ மூன்றும் அடுத்தடுத்து வீழ்ந்தன. சூச்சியனும் சூலுவோவும் விரைவில் மீட்கப்பட்டன. எளிதில் போகும், எளிதில் வரும் என்ற கணக்கு அதுவரை சரியாகவே இருந்தது. பிறகு நடந்ததுதான் எவரும் எதிர்பாராதது. மீட்கப்பட்ட சூலுவோவைக் கிளர்ச்சிக்காரர் மீண்டும் வளைத்துக்கொண்டனர். மண் சுவரும் முள் மூங்கிலும் சூழ்ந்த அச்சிற்றூர், 1787-இல் பல மாதங்கள் பசியோடு போராடித் தாக்குப்பிடித்தது. பெருநிலத்திலிருந்து படை வந்து சேரும்வரை அது விழவேயில்லை. மகிழ்ந்த சியன்லோங் பேரரசர் ஊரின் பெயரையே மாற்றி, ‘நேர்மையைப் போற்றுதல்’ என்று பொருள்படச் சியாயி என்று சூட்டினார். இன்றும் அதுவே அவ்வூரின் பெயர்.

மூங்கில் வேலி வென்றது. ஆயினும் அதன் காலம் முடியத் தொடங்கியது. 1788-இல் கிளர்ச்சி அடங்கியபின், தலைமை நகருக்கு உறுதியான சுவர் எழுப்ப அரசே முன்வந்தது. சூச்சியனுக்கு 1827–29-இல் கல்லும் செங்கல்லும் கொண்ட மதில் வந்தது. அதன் கிழக்கு வாயில் இன்றும் நகர நடுவே நிற்கிறது. மூங்கில் போய்விட்டது.

முழுவதும் போய்விடவில்லை, இன்னொரு வேலைக்கு வந்தது. 1884-இல் கட்டி முடிக்கப்பட்ட தைப்பே நகர மதில் நெல் வயல்களின்மேல் எழுந்தது. சேற்று நிலம் கல்லின் எடையைத் தாங்காது. ஆகவே மதில் வரவேண்டிய கோட்டில் முதலில் மூங்கிலை நட்டு, சில ஆண்டுகள் காத்திருந்து, வேரும் நிலத்தண்டும் மண்ணை இறுக்கிய பிறகே கல்லைக் கொண்டுவந்தனர். இன்று பொறியாளர் இளகிய மண்ணுக்குள் வலை விரித்து வலுவூட்டுவதற்கும் இதற்கும் கருத்தளவில் வேறுபாடு இல்லை.

வேலியை வெட்டுவது தண்டனை

தைவானில் அரசு நட்டது. வியட்நாமின் வடபகுதியில் ஊரே நட்டுக்கொண்டது. செவ்வாற்றுச் சமவெளியில் ஒவ்வொரு சிற்றூரும் அடர்ந்த மூங்கில் வேலிக்குள் ஒளிந்திருந்தது. வயலில் நின்று பார்த்தால் ஊர் தெரியாது; பச்சைத் தீவுகளே தெரியும். பியேர் குரூ என்ற பிரெஞ்சுப் புவியியலறிஞர் 1936-இல் வெளியிட்ட நூலில் இவ்வேலியைப் பற்றி எழுதியிருப்பது சிந்திக்கத்தக்கது. திருடரையும் புயற்காற்றையும் தடுப்பது மட்டுமன்று அதன் வேலை. ஊரின் தனித்தன்மைக்கும் தன்மானத்துக்கும் அதுவே அடையாளம். கலகத்தில் சேர்ந்த ஊருக்கு அதிகாரிகள் அளித்த முதல் தண்டனை, அதன் மூங்கில் வேலியை அதன் மக்களைக் கொண்டே வெட்டவைப்பது! ஊர் அதைப் பெரும் அவமானமாகக் கருதியது என்கிறார் அவர்.

வெட்டாமல் நின்ற வேலி ஒன்றும் வரலாற்றில் உண்டு. 1886-இன் இறுதியில் தான்ஹோவா மாநிலத்தில் பாதின் என்ற இடத்தில், பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்தவர்கள் சதுப்பு வயல்களுக்கு நடுவே அரண் அமைத்தனர். மண் சுவர், அதைச் சுற்றி மூங்கில் வேலி. பிரெஞ்சுப் படையின் தொடக்கத் தாக்குதல்கள் அங்கே தோல்வியுற்றன. முற்றுகையிட்டு 1887 ஜனவரியில்தான் அதைக் கைப்பற்றினர். முற்றுகையில் பொறியியல் பணி செய்த இளம் அதிகாரிகளுள் ஒருவர் ஜோஃப்ர். பின்னாளில் முதல் உலகப் போரில் பிரெஞ்சுப் படைக்குத் தலைமை தாங்கிய அதே ஜோஃப்ர்தான். 1945 செப்டம்பர் 2-ஆம் நாள் ஹோ சி மின் விடுதலை அறிக்கையைப் படித்த ஹனாய் சதுக்கத்தின் பெயர் பாதின் என்பது இதனால்தான்.

நம் நாட்டிலும் உயிர்வேலி பழமையானது. கோட்டையைச் சுற்றிய காவற்காட்டுக்கு ‘மிளை’ என்று தனிச்சொல்லே சங்கத் தமிழில் உண்டு. வட இந்தியாவில் ஆங்கிலேயர் உப்பு வரிக்காக ஒரு நெடும் முள்வேலியை வளர்த்தனர். 1879-இல் கைவிடப்பட்ட அந்தச் சுங்கக் கோட்டில் கருவேலும் இலந்தையும் களாவும் கள்ளியுமே மிகுதி. சில இடங்களில் மூங்கிலையும் நட்டனர். அது வரலாற்றில் ஒரு தனிக் கதை. மூங்கிலுக்கு அதில் சிறு பங்குதான்.

இதுவரை கண்ட வேலிகள் எதிலும் ஒரு புகார் எழவில்லை என்பதைக் கவனியுங்கள். மூங்கில் வயலுக்குள் ஓடியது, பக்கத்து வீட்டுத் தரையைப் பெயர்த்தது என்ற பேச்சே இல்லை. ஆசியாவின் வெப்ப நாடுகளில் கைக்கெட்டியது தூர் மூங்கில். நட்ட இடத்தில் நிற்பது அதன் பிறவிக் குணம். வேலி நட்டவர்கள் நிலத்தண்டைப் பற்றி எண்ணிப் பார்க்க வேண்டிய தேவையே இருக்கவில்லை.

ஓடுகிற வேலி

இனிக் கதை குளிர்நாட்டுக்கு மாறுகிறது. 1736-இல் ஜப்பானின் தென்கோடியிலுள்ள ககோஷிமாவில், ஷிமாசு பிரபு தம் தோட்டத்தில் மோசோ என்ற பெரு மூங்கிலை நட்டார். ரியூக்யூ தீவுகளின் வழியாக வந்தது அது. குருத்து உணவுக்கும் கழி தொழிலுக்கும் உதவியதால் ஜப்பானெங்கும் அதைப் பரப்பினர். குருத்தை ஆண்டுதோறும் தோண்டி எடுத்தவரை எல்லை மீறாமல் இருந்தது. பிளாஸ்டிக் வந்து, சிற்றூர்கள் ஆளற்றுப்போனபின், அதே தோப்புகள் பக்கத்துக் காடுகளுக்குள் ஊர்ந்து மரங்களை நெருக்கிக்கொண்டிருக்கின்றன. மோசோ படர் மூங்கில்.

ஐரோப்பியருக்கு மூங்கில் முதலில் அழகுப் பொருள். 1827-இல் கருமூங்கில் இங்கிலாந்துக்கு வந்தது. 1856-இல் தென் பிரான்சில் அந்தூசுக்கருகே யூஜீன் மசேல் மூங்கில் தோட்டமே அமைத்தார். அது இன்றும் உள்ளது. அமெரிக்காவுக்குப் பொன் மூங்கில் 1882-இல் அலபாமா மாநிலத்தில் வந்திறங்கியது. 1907-இல், அமெரிக்க வேளாண்மைத் துறைக்காகச் சீனாவில் அலைந்து செடி திரட்டிய ஃபிராங்க் மேயர் வாயிலாக, மஞ்சள் வரி மூங்கில் வந்தது. உறைபனியைத் தாங்குபவை என்பதால் தேர்ந்தெடுத்தவை இவை. உறைபனியைத் தாங்கும் மூங்கில்களோ பெரும்பாலும் படர்பவை! ஒன்றைக் கேட்டு வாங்கியபோது மற்றொன்றும் கூடவே வந்துவிட்டது.

புறநகர் வீடுகள் பெருகியபோது இம்மூங்கில்களுக்குப் புதுவேலை கிடைத்தது: அண்டை வீட்டார் கண்ணில் படாதபடி மறைப்பது. பல ஊர்களில் பலகை வேலியை 6 அடிக்கு மேல் உயர்த்த விதி இடம் தராது. செடிக்கு அந்தத் தடை பெரும்பாலும் இல்லை. ஆண்டு முழுதும் பசுமை, சில ஆண்டுகளில் 20 அடி உயரம், விலையும் குறைவு. இதைவிட என்ன வேண்டும்? தொடக்கத்தில் அது அசையாமல் நிற்கும். நிலத்தண்டு வேரூன்றும் காலம் அது. மூன்றாம் நான்காம் வசந்தத்தில் பக்கத்து வீட்டுப் புல்தரை நடுவே ஈட்டிகள் கிளம்பும். கோடாலியால் வெட்டினால் அடுத்த ஆண்டு வேறிடத்தில் வரும். உண்மையான செடி மண்ணுக்குள் அல்லவா இருக்கிறது!

சட்டம் இதை எப்படிப் பார்த்தது என்பது சுவையானது. ஜப்பானின் குடிமைச் சட்டம் 1898-இல் நடைமுறைக்கு வந்தது. எல்லை தாண்டும் கிளைக்கும் வேருக்கும் அது வெவ்வேறு நீதி வகுத்தது; அதில் மரத்தோடு மூங்கிலையும் பெயர் சொல்லிக் குறித்தது. கிளை எல்லை தாண்டினால் உரியவரிடம் வெட்டச் சொல்ல வேண்டும்; வேர் தாண்டினால் நாமே வெட்டிவிடலாம். 2023 ஏப்ரல் முதல், உரியவர் கேட்டும் வெட்டாவிட்டால் கிளையையும் நாமே வெட்டலாம் என்று திருத்தியிருக்கிறார்கள்.

அமெரிக்காவில் கனெடிகட் மாநிலம் 2013-இல் படர் மூங்கிலுக்கென்றே சட்டம் இயற்றியது. பக்கத்து நிலத்துக்கு விளையும் சேதத்துக்கு நட்டவரே பொறுப்பு. எல்லைக்கருகே நடுவதாயின் தடுப்புச் சுவர் வேண்டும். விற்பவர், இது விரைந்து பரவும் செடி என்று வாங்குபவரிடம் எழுத்தில் தர வேண்டும். தூர் மூங்கிலுக்கு இவை எதுவும் பொருந்தா. நியூயார்க் மாநிலம் 2014-இல் பொன் மூங்கிலையும் மஞ்சள் வரி மூங்கிலையும் விற்பனைக்குத் தடையுள்ள ஊடுருவிச் செடிகளின் பட்டியலில் சேர்த்தது. இங்கிலாந்தில் நேர்மாறு. அண்டை வீட்டாரின் வெளிச்சத்தை மறைக்கும் உயர்ந்த பசுமை வேலிகள்மீது முறையிட 2003-ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்தது. ஆனால் அது மரத்துக்கும் புதருக்குமே. மூங்கில் புல் வகை என்பதால் அதற்குள் வராது! தொல்காப்பியர் பார்த்தால் ஒப்புக்கொண்டிருப்பார்.

தடுப்பது எப்படி?

பழைய சீன, ஜப்பானியத் தோப்புகளில் தடுப்பு என்பது ஒரு பள்ளமே. நிலத்தண்டு பெரும்பாலும் மேல்மண்ணில், ஓரடி ஒன்றரையடி ஆழத்துக்குள்தான் ஓடுகிறது. தோப்பைச் சுற்றித் திறந்த பள்ளம் வெட்டிவைத்தால், எல்லை தாண்டும் நிலத்தண்டு பள்ளத்தின் குறுக்கே வெளியில் தெரியும். ஆண்டுக்கொரு முறை மண்வெட்டியோடு ஒரு சுற்றுச் சுற்றிவந்து வெட்டினால் போதும். எளிமையானது; மறந்தால் கெட்டது.

இக்காலத்தில் தடித்த பாலித்தீன் தகட்டை 2 முதல் 2½ அடி ஆழத்துக்குப் புதைக்கிறார்கள். இதில் இயற்பியல் மாணவர் கவனிக்க வேண்டியது தகட்டின் சாய்வு. தகட்டின் மேல் விளிம்பு மூங்கிலுக்கு வெளிப்புறமாகச் சாய்ந்திருக்க வேண்டும். கிடைமட்டமாக வந்து மோதும் நுனிக்குத் தகடு தரும் எதிர்விசை தகட்டுக்குச் செங்குத்தானது. தகடு வெளிச்சாய்வாக இருந்தால் அவ்விசைக்கு மேல்நோக்கிய ஒரு கூறு கிடைக்கும். நுனி மேலே திரும்பி மண்ணுக்கு வெளியே தலைகாட்டும். உட்சாய்வாக இருந்தால் கூறு கீழ்நோக்கி அமைந்து, நுனி தகட்டுக்கு அடியில் நுழைந்து வெளியேறும். நேர்குத்தாக நிறுத்தினால் நுனி எப்பக்கம் திரும்பும் என்பது நற்பேற்றைப் பொறுத்தது.

மூங்கில் கான்கிரீட்டைத் துளைக்கும் என்ற பேச்சையும் அளந்து பார்க்கலாம். வளரும் நுனியைத் தள்ளுவது உயிரணுக்களின் விறைப்பழுத்தம். அது பொதுவாக 5 முதல் 10 வளிமண்டல அளவில் இருக்கும். ஒரு வளிமண்டலம் என்பது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோகிராம் எடை. எனவே 1 சதுர சென்டிமீட்டர் முகமுள்ள நுனி 5 முதல் 10 கிலோகிராம் எடை அளவுக்குத் தள்ளும். நல்ல கான்கிரீட் இதைப்போல் பல மடங்கு தாங்கும். ஆனால் விரிசல் ஒன்று கிடைத்து, நுனி உள்ளே புகுந்து, பின்னால் வரும் தண்டு பருத்தால் பலன் ஆப்பு வைத்ததுபோல் ஆகும். ஆகவே தகட்டிலும் பலவீனமான இடம் அதன் இரு முனைகளும் சேரும் பொருத்துவாய்தான். அங்கே இரு பக்கமும் உலோகப் பட்டை வைத்துத் திருகாணியால் இறுக்குவது வழக்கம்.

நம் ஊரில் வேலிக்கு மூங்கில் நட விரும்புவோர்க்கு இத்தனை பாடு இல்லை. தூர் மூங்கிலே கிடைக்கிறது. அதுவும் அடியோடு அசையாதது அன்று. மழைக்காலந்தோறும் புதுக்கழிகள் தூரின் வெளிவிளிம்பில்தான் வரும். தூர் ஆண்டுக்காண்டு பருக்கும். சுவரை ஒட்டி நட்டால் பத்தாண்டில் சுவரைத் தள்ளத் தொடங்கும். சில அடி தள்ளி நடுவதே நலம். எல்லைப் பக்கம் வரும் முளைகளை இளங்குருத்தாகவே எடுத்துவிட வேண்டும். முற்றிய கழிகளை நடுவிலிருந்து கழிக்காவிட்டால் தூர் தன்னைத்தானே நெரித்துக்கொள்ளும். இன்னொன்றும் உண்டு. நம் முள் மூங்கில் ஏறத்தாழ 45 ஆண்டுகளுக்கு ஒரு முறை கூட்டமாகப் பூத்து, விதைத்து, மடியும். ஒரே தாய்த்தூரிலிருந்து பதியம் எடுத்து நட்ட வேலியாயின் முழுதும் ஒரே பருவத்தில் காய்ந்து நிற்கும். அப்போது கீழே உதிர்ந்த மூங்கிலரிசி மழையில் முளைக்கும். அந்த நாற்றுகள் ஆள் மறையும் வேலியாக உயர இன்னும் சில ஆண்டுகள் பிடிக்கும்.